டேஷ்போர்டில் பூஜ்யம், கவுன்ட்டரில் பதினோரு பேர்

14ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை 9:42. எங்கள் டேஷ்போர்டில் எரர் எண்ணிக்கை: 0.

அதே 9:42க்கு, மைசூரில் நாங்கள் டோக்கன் ஆப் செய்துகொடுத்த ஆஸ்பத்திரியின் ஸ்கேன் கவுன்ட்டரில், போனில் பச்சை டிக்கைக் காட்டிக்கொண்டு டோக்கன் இல்லாமல் நின்றவர்கள்: 11.

(ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதினால் பொய் மரியாதை வந்துவிடும்.)

நான் அங்கே எரர் பார்க்கப் போகவில்லை. டீம் லீட் கிரீஷ்தான் அனுப்பினார். மைசூர்த் தமிழர், பாதி கன்னடத்தில் பேசுவார், எல்லாரையும் 'குரு' என்பார்.

"ஆப் சூப்பரா ஓடுது குரு. போயி நாலு பேஷண்ட் சிரிக்கற மாதிரி வீடியோ எடுத்துட்டு வா."

வீடியோ எடுக்க வந்ததைக் கவுன்ட்டரில் சொல்லிவிட்டுச் சிரிக்கிற முகத்தைத் தேடினேன். கிடைத்தது கௌதள்ளி என்கிற ஊரிலிருந்து வந்த ஓர் அக்கா.

"மூணு வாட்டி அமுத்துனேனுங்க! ஞாயித்துக்கெழம பொழுதோட. மூணு வாட்டியும் பச்சையா டிக்கு வந்துச்சுங்க!"

கவுன்ட்டர் அம்மா மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சிஸ்டம்ல பேரே இல்லம்மா, நானேன் மாட்லி, நான் என்ன செய்யறது? நீங்க சரியா பிரஸ் பண்ணியிருக்க மாட்டீங்க. வியாழக்கெழம வாங்க."

"வியாழக்கெழமைங்களா? காத்தால அஞ்சு மணி பஸ்ஸுக்கு இவர இழுத்துட்டு வந்தேனுங்க!"

'இவர்' அக்காவின் மாமனார். சர்க்கரை நோயாளி. வயிற்று ஸ்கேனுக்காக முந்தின ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. கையில் ஒரு வாழைப்பழம். தின்றால் ஸ்கேன் கிடையாது. தின்னாததால் கை நடுங்குகிறது.

நர்ஸ் வந்து சுகர் பார்த்தார். "அரை மணி பாக்கலாம். அதுக்கு மேல பட்டினி போடாதீங்க, சாப்பிடக் குடுத்துடுங்க."

அரை மணி!

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன்.

ஐ.டி. தெரியாதவர்களுக்கு: எங்கள் ஆப் எங்கே உடைந்தாலும் பிடித்து எழுதிவைக்கும் ஒரு சேவையை நாங்களே எங்கள் சர்வரில் ஓட்டுகிறோம். நிறுவியது நான். எல்லாம் கண்டெய்னர்கள். (கப்பலில் வரும் இரும்புப் பெட்டி இல்லை!) ஒரே சர்வருக்குள் தனித்தனி அறை, அறைக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறை எரரை வாங்கும். ஓர் அறை வரிசையில் வைக்கும். ஒர்க்கர் என்கிற அறை அதைப் படித்துப் பதிவு செய்யும். கடைசி அறை டேஷ்போர்டைக் காட்டும்.

எல்லா அறையும் ஓடிக்கொண்டிருந்தது. ஒர்க்கர் மட்டும் நின்று நாலு நாள்!

அதாவது எரர்கள் வந்து வரிசையில் குவிந்துகொண்டே இருந்திருக்கின்றன. எடுத்துப் படிக்கத்தான் ஆள் இல்லை. டேஷ்போர்டோ சமர்த்தாகப் பூஜ்யம் காட்டிக்கொண்டிருக்கிறது.

கிரீஷுக்குப் போன் போட்டேன்.

"ஒர்க்கர் கண்டெய்னரை யார் நிறுத்தினது?"

"நான்தான் குரு. மெமரி பூரா அதே தின்னுது. வெள்ளிக்கெழம அப்டேட் போட்டதும் ஆஃப் பண்ணிட்டேன். சர்வர் இப்ப எப்படி ஓடுது, நோடு, நீயே பாரு!"

"நாலு நாளா ஒரு எரர்கூட வரலையே, சந்தேகம் வரலையா உங்களுக்கு?"

"எரர் வரலன்னா நல்லதுதானே குரு?"

போனை வைத்துவிட்டேன். (வீசவில்லை. இ.எம்.ஐ. இன்னும் முடியவில்லை.)

ஒர்க்கரைக் கிளப்பினேன். டேஷ்போர்டில் 0. கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு 6. 58. 140. 317!

முந்நூற்றுப் பதினேழும் ஒரே எரர். வெள்ளிக்கிழமை அப்டேட்டுக்குப் பிறகு டோக்கன் சேமிக்கும் இடத்திலேயே ஆப் உடைந்திருக்கிறது. ஆனால் 'வேகமாகத் தெரிய வேண்டும்' என்பதற்காக, சர்வர் பதில் சொல்லும் முன்பே பச்சை டிக் காட்டும்படி செய்துவைத்திருக்கிறோம். வெட்கமாக இல்லை?

"அக்கா, உங்க போன் நம்பர்ல கடைசி நாலு எண் சொல்லுங்க."

தேடினேன். ஞாயிறு மாலை 7:12. 7:13. மறுபடியும் 7:13. மூன்று வாட்டி! அக்கா சொன்ன அதே மூன்று!

லேப்டாப்பைத் தூக்கிப்போய்க் கவுன்ட்டர் மேல் வைத்தேன். "அவங்க சரியாத்தான் அமுத்தியிருக்காங்க மேடம். எங்க ஆப்தான் தப்பு."

கவுன்ட்டர் அம்மா படித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "காலையில இருந்து இத்தன பேருகிட்ட நான் திட்டு வாங்கறேன். நீங்க இங்க வீடியோ எடுக்க வந்தீங்களா?"

அவரே ஸ்கேன் அறைக்குப் போன் செய்தார். பதினோரு பேருக்கும் நோட்டுக் காகிதத்தைக் கிழித்துக் கையால் டோக்கன் எழுதினார். முதல் நம்பர் மாமனாருக்கு. நர்ஸ் கொடுத்த அரை மணியில் ஐந்து நிமிடம் மீதி இருந்தது.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் அந்தப் பழத்தை உரித்துத் தின்றார்.

கிரீஷைத் திட்டி ஆபீஸ் குரூப்பில் எழுதலாம் என்று திறந்தேன். நேற்று காலை அவர் போட்ட ஸ்க்ரீன்ஷாட் மேலேயே இருந்தது. 'வீக்எண்டில் ஜீரோ எரர்! சபாஷ் டீம்!' கீழே பதினான்கு கட்டைவிரல்கள்.

அதில் ஒன்று என்னுடையது.

எந்த வாரக் கடைசியிலும் நாற்பது ஐம்பது எரராவது வரும் என்பது கிரீஷுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். பூஜ்யத்தைப் பார்த்ததும் அலறியிருக்க வேண்டியவன் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு கட்டைவிரல் போட்டிருக்கிறேன்!

இனி செய்யப்போவது:

1. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பொய் எரரை நானே அனுப்புவேன். அது டேஷ்போர்டில் வரவில்லை என்றால் என் போன் அடிக்கும். அதுவும் வேறு சர்வரிலிருந்து.

2. சர்வர் பதில் சொல்லாமல் பச்சை டிக் கிடையாது. இன்றே. யாரிடமும் பர்மிஷன் கேட்கப் போவதில்லை.

3. அந்த 317இல் இருக்கும் ஒவ்வொரு நம்பருக்கும் போன். நாளைக்கு வருகிறவர்கள் முதலில். பாதி நான், பாதி கிரீஷ். (மெமரி தின்றதை அவரே விளக்கட்டும்.)

4. கிரீஷ் கேட்ட வீடியோவை அக்காவிடம் சொல்லிவிட்டே எடுத்தேன். குரூப்பில் போடப்போகிறேன். அக்கா அதில் சிரிக்கத்தான் செய்கிறார்: "அடுத்த வாட்டி இந்த ஆப்பு வேண்டாங்க தம்பி. ஒரு நா முந்தியே பஸ் ஏறி வந்து சீட்டு வாங்கிக்கறேனுங்க."

இதற்கு எத்தனை கட்டைவிரல் விழுகிறது, பார்க்கிறேன்.