கிராம்பு மணமும் மூன்று பார்களும்

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். தோவாளைப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் பச்சைக்கல் சுமக்கத் தொடங்கி, பின்னாளில் அதே சூளையை வாங்கினேன். யாரும் கைதூக்கி விடவில்லை. வெந்த கல்லையும் வேகாத கல்லையும் விரலால் ஒரு தட்டு தட்டிச் சொல்லிவிடுவேன். இஞ்சினியர்மாரே வந்து நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பேன். அந்தத் தைரியத்தில்தான் என் கடைசி மகளுக்கு வந்த நாலு வரன்களை வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

ஐந்தாவதாக வந்தவன் கொட்டாரத்துக்காரன். மஸ்கட்டில் ஏசி வேலை, இரண்டு மாத லீவு. பெண் பார்க்க வந்த அன்று என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தான். கிராம்பு மணந்தது. என் சூளையில் ராத்திரி குடித்துவிட்டுக் காலையில் வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கிராம்பைத்தான் மென்றுகொண்டு வருவார்கள். நம் மலையில் விளைகிற சாமான், யார் வீட்டிலும் இருக்கும். போதாததற்கு, என் மனைவி இரண்டு நாள் பாடுபட்டுச் செய்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தை அவன் தொடவே இல்லை. வெறும் காப்பியோடு எழுந்துவிட்டான். குடல் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் போனதும் மனைவியிடம் கேட்டேன். "ஏட்டி, கிராம்பு மணந்துச்சே, கவனிச்சியா?"

"வெத்தல போட்டிருப்பான்."

"இந்தக் காலத்துப் பய வெத்தல போடுவானாட்டி?"

"ஏலக்கா மணந்தாலும் இதத்தான் சொல்லுவிய. உங்க மூக்க அறுத்துச் சூளையில வைக்கணும்."

மறுநாளே பைக்கை எடுத்துக்கொண்டு கொட்டாரத்துக்குப் போனேன். முடிவெட்டுகிறவர், டீக்கடைக்காரர், மருந்துக்கடைக்காரர், மூன்று பேரிடம் விசாரித்தேன். மூன்று பேரும் "தங்கமான பய" என்றார்கள். சொல்லிக்கொடுக்காமல் மூன்று வாயில் ஒரே வார்த்தை எப்படி வரும்? போகும்போது எனக்கிருந்த சந்தேகம் திரும்பி வரும்போது இரண்டு மடங்காகிவிட்டது.

ஆனால் இந்த முறை வாசலோடு அனுப்ப முடியவில்லை. என் மகள் சத்தம் போட்டுப் பேசுகிறவள் அல்ல. அன்று ராத்திரி சோறு விளம்பும்போது சொன்னாள்: "அப்பா, எனக்கு அவரப் பிடிச்சிருக்கு. இதையும் நீங்க கலைச்சா, இனி எவன் முன்னாலயும் காப்பித்தட்டு எடுத்துட்டு வரமாட்டேன்." முப்பது வயதாகிவிட்டது அவளுக்கு. சொன்னால் சொன்னதுதான், அந்தக் குணம் என்னிடமிருந்து போனது. குடிகாரனுக்கும் கொடுக்கக்கூடாது, நேரில் போய் "குடிப்பியா" என்று கேட்டுக் காரியத்தைக் கெடுக்கவும் கூடாது.

ஜாதகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவிதான் சொன்னாள், வருகிற சனிக்கிழமை பையனுக்குப் பிறந்தநாள் என்று. எனக்கு உடனே வழி தெரிந்துவிட்டது. போன் போட்டேன்.

"மாப்பிள, சனிக்கிழமை உங்க பிறந்தநாளாமே? அத நான் நடத்தித் தாறேன். நாகர்கோவில்ல சாயங்காலம் தொடங்குவோம், மூணு இடம். நல்ல சாப்பாடு. பெறவு வேற என்ன வேணுமோ அதுவும்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "வேற என்ன மாமா?" என்றான்.

"அது உங்க இஷ்டம்லா."

"மாமாவும் கூட இருப்பியளா?"

"பின்னே?"

"செரி, மாமா."

அந்த இடைவெளியை நான் விடவில்லை. நான் எதிரில் இருந்தால் குடிக்க முடியுமா முடியாதா என்று கணக்குப் போட்டிருக்கிறான் என்றே எடுத்துக்கொண்டேன்.

மூன்று இடம் ஏன் என்றால், ஒரு இடத்தில் எவனும் நல்லவனாக உட்கார்ந்துவிடலாம். இரண்டாவது இடத்தில் கண் அலையும். மூன்றாவது இடத்தில் கை தானாக நீளும். பார்வதிபுரத்தில் ஒரு ஓட்டல், கீழே நெய்மீன் பொரித்துக் கொடுப்பார்கள், மாடியில் பார். அடுத்தது வேப்பமூடு பக்கம், கோழிக்குப் பேர்போன இடம். கடைசியில் கோட்டாறு. ஆனால் நான் ஒரு சொட்டும் பல்லில் படவிடாதவன். கல் சுமந்த காலத்தில் கூட்டம் போன திசைக்கு எதிர்த்திசையில் நடந்ததால்தான் இன்று சூளை என் பேரில் இருக்கிறது. பார் என்றால் உள்ளே எப்படியிருக்கும் என்றே தெரியாது. தெரியாத மண்ணில் நான் கல் அறுப்பதில்லை. அதனால் செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் மத்தியானம் ஒவ்வொரு இடமாகப் போய் உட்கார்ந்து பார்த்தேன்.

பார்வதிபுரத்தில் பரிமாறுகிறவர் வந்து, "என்ன வேணும் சார்?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம். ஒரு விவரம் கேக்கணும். புதுசா வாறவனையும் பழைய ஆளையும் பாத்தா உமக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். புதுசா வாறவருதான் விவரம் கேப்பாரு."

"சனிக்கிழமை ஒரு பயலக் கூட்டிட்டு வருவேன். அவன் முன்னமே இங்க வந்து போற ஆளுன்னா எனக்கு ஒரு கண்ணு காட்டணும்."

அவர் குனிந்து மெதுவாகக் கேட்டார். "சார் போலீசா?"

"செங்கல்."

சும்மா உட்கார்ந்தால் முதலாளி ஏசுவார் என்று ஒரு இஞ்சி சோடாவைக் கொண்டுவந்து வைத்தார். தவிட்டு நிறம், கண்ணாடிக் கிளாஸ், மேலே நுரை. பையனை எங்கே உட்கார வைத்தால் முகத்தில் வெளிச்சம் விழும் என்று பார்த்து, ரோட்டுப் பக்கம் ஜன்னலோர மேசையைத் தேர்ந்தெடுத்தேன். அதில் நானே ஒரு மணி நேரம் உட்கார்ந்து சரிபார்த்தேன். மற்ற இரண்டு இடங்களிலும் அதே ஏற்பாடு, அதே இஞ்சி சோடா, அதே ஜன்னலோரம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையனின் தாய்மாமன் வீட்டுக்கு வந்தார். கொட்டாரத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மனைவி கொடுத்த காப்பியைத் தொடாமல் பேசினார்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்கப்பிடாது. பொண்ணு வீட்டுல குடிப்பழக்கம் உண்டான்னு விசாரிக்கது எங்க வழக்கம். இங்க ஊருல கேட்டா எல்லாரும் உங்களத் தங்கம்னு சொல்லுகாவ. எல்லாரும் ஒரே வார்த்தையச் சொன்னா எனக்கு அதுலயே ஒரு இது. அதனால டவுன்ல விசாரிச்சேன். செவ்வாய் பார்வதிபுரம், புதன் வேப்பமூடு. நேத்து கோட்டாறுல சரக்கெடுக்க வந்தப்ப நானே கண்ணால பாத்தேன். பட்டப்பகல்ல ஜன்னலோரம், கையில கிளாஸு. பயலயும் பிறந்தநாளுன்னு பாருக்குக் கூப்பிட்டிருக்கிய. இந்த இடம் வேண்டாம்னு அக்கா சொல்லுகா."

குடிக்கத்தான் போனேன் என்றால் சம்பந்தம் முறியும். உங்கள் பையனைப் பிடிக்கப் போனேன் என்றாலும் முறியும். உள்வாசலில் மகள் வந்து நின்றாள். காப்பித்தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அவளைப் பார்த்த பிறகு எனக்குப் பொய் வரவில்லை. கிராம்பில் தொடங்கி இஞ்சி சோடா வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் அப்போதுதான் காப்பியைக் கையில் எடுத்தார்.

"கிராம்பா?"

"ஆமா."

"அது எனக்க கடைச் சரக்கு அண்ணாச்சி. நான்தான் குடுத்தேன். பயலுக்குக் கடவாப்பல்லு சொத்தை. மஸ்கட்டுல பல்லு பிடுங்கப் பயந்து, ஊருக்கு வந்து பாத்துக்கிடலாம்னு இருந்தான். அன்னைக்கு உங்க முந்திரிக்கொத்தக் கடிச்சிருந்தான்னா வலி தாங்காம உங்க முற்றத்துல உருண்டிருப்பான்."

உள்ளே மகள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஆனால் மனிதர் அதோடு விடவில்லை. "எங்க பயலப் பத்தின சந்தேகம் தீந்துது. நீங்க குடிச்சது சோடாதான்னு எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்குப் போட்ட திட்டப்படியே போவோம். நானும் வாறேன்" என்றார்.

ஆக, நான் போட்ட திட்டத்தில் நானே மாட்டிக்கொண்டேன். சனிக்கிழமை பார்வதிபுரத்தில் பரிமாறுகிறவர் பையனைப் பார்த்துவிட்டு எனக்கு உதட்டைப் பிதுக்கினார், தெரியாத முகம் என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக, "வாங்க சார், அதே ஜன்னல்தான?" என்றார். மாமனின் புருவம் ஏறியது. பையன் நெய்மீனை ஒரு பக்கமாக வைத்து மெதுவாக மென்றான். வேப்பமூட்டிலும் எனக்கே வரவேற்பு. கோழிக்காலை அவன் பார்த்ததோடு சரி.

கோட்டாறில் உட்கார்ந்த உடனே, யாரும் கேட்காமலே ஒரு கிளாஸை என் முன்னால் கொண்டுவந்து வைத்து, "சாருக்கு வழக்கமா உள்ளது" என்றார்கள். தவிட்டு நிறம், மேலே நுரை. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். மாமன் கிளாஸைத் தன் பக்கம் இழுத்தார். முகர்ந்தார். பிறகு ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார். கல் வெந்திருக்கிறதா என்று சூளையைப் பிரித்துப் பார்க்கிற அன்று கூட எனக்கு நெஞ்சு அப்படி அடித்ததில்லை.

"இஞ்சி" என்றார்.

பையன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா, சிரிக்க வைக்காதீங்க, பல்லு தெறிக்கு" என்றான். யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை, நாங்கள் இருவருமே அவனுக்கு மாமாதான். "அடுத்த மாசம் நிச்சயத்த வச்சிக்கிடுவோம் அண்ணாச்சி. திங்கக்கிழமை இவனுக்குப் பல்லப் பிடுங்கணும்" என்றார் மாமன். மூன்று இடம் என்று நான் திட்டம் போட்டது எவ்வளவு சரி என்று பாருங்கள். இரண்டோடு நிறுத்தியிருந்தால் நான் குடிகாரனாகவே வீடு திரும்பியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தபோது மகள் வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"என்னப்பா, ஏதாவது கண்டுபிடிச்சியளா?"

"பயலுக்குப் பல்லுதான் கேடு. வேற குத்தமில்ல. அடுத்த மாசம் நிச்சயம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். சிரிப்பை நான் பார்த்துவிட்டேன். பின்னாலேயே போய் மனைவியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

"ஏட்டி, அந்தத் தாய்மாமன் கோட்டாறுல கிளாஸ மோந்து பாத்தாரு, சோடான்னு தெரிஞ்சதும் மூஞ்சி ஒரு மாதிரி வாடிப்போச்சு. அவர இன்னும் கொஞ்சம் விசாரிக்கணும்."