பிளாக்பூலிலிருந்து வந்த மிட்டாய் டின்

மேவிஸ் அக்கா என் பெரியப்பா சூசைமுத்துவின் ஒரே மகள். எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து கப்பலேறிச் சீமைக்குப் படிக்கப் போன முதல் ஆள். தானா ராத்தாவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்து, ஆசிரியைப் பயிற்சிக்கு அரசாங்கச் செலவில் லிவர்பூல் பக்கம் போனாள். இன்றைக்கும் ஊரில் அவளைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுவார்கள். அவளிடமே போய்ச் சொன்னால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது தன்னடக்கம் இல்லை.

அவள் போனது மலாயாவில் அவசரகாலச் சட்டம் இருந்தபோது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே பட்டாளம், நடுவில் நாங்கள். காட்டுக்காரர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். வேலைக்குப் போகிற எல்லாரையும் அங்கே தடவிப் பார்ப்பார்கள். ஒரு கவளம் சோறுகூட வெளியே போகக் கூடாது. டின் சாமான்களுக்கு இன்னொரு சட்டம். பிரிஞ்சாங்கில் கடை வைத்திருந்த ஹாஜா மைதீன் பாய், பால் டின்னோ மீன் டின்னோ எது விற்றாலும், ஆணியை வைத்து ஒரு போடு போட்டு ஓட்டை விழுந்த பிறகுதான் கையில் கொடுப்பார். ஓட்டை போட்ட டின் கெட்டுப்போகும், காட்டில் சேர்த்துவைக்க முடியாது. அதுதான் கணக்கு. ஓட்டை இல்லாத டின் ஒருவர் கையில் இருந்தால் அவர் தொலைந்தார்.

இதில் ஊறின பெண் சீமைக்குப் போய் முதல்முதலாகக் கடைக்குப் போயிருக்கிறாள். பால் டின் வாங்கிக் காசு கொடுத்துவிட்டு, டின்னைக் கல்லா மேலேயே வைத்துவிட்டு நின்றாளாம். கடைக்கார வெள்ளைக்காரியும் நின்றாளாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் நின்ற கதையைக் கடிதத்தில் எழுதியிருந்தாள். கங்காணி தங்கராஜு அதை லயத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது எங்களுக்கு.

அதற்கப்புறம் வந்த கடிதங்களில் கூத்தும் கும்மாளமும்தான். மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், நம்ம பெண்கள் எல்லாரும் ஒரே விடுதி. யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த பிளாச்சான் என்ற இறால் விழுதை வறுத்தபோது, சாக்கடை உடைந்துவிட்டதென்று விடுதி வேலையாள் ஓடிவந்தானாம். குளிருக்குப் பயந்து இரண்டு கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்தாளாம். பயிற்சிக்குப் போன பள்ளியில் சின்னப் பிள்ளைகள் இவள் பின்னலைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்களாம். லீவு விட்டால் ஊர் சுற்றல். பிளாக்பூல் என்று ஒரு கடற்கரை ஊருக்குப் போய், வானத்துக்கு நிமிர்ந்த கோபுரத்தையும் கடற்கரை நெடுக எரிந்த விளக்குகளையும் பார்த்து வாய் பிளந்திருக்கிறாள். அங்கே அப்பா அம்மா நினைப்பு வந்துவிட்டது. மூடியில் அந்தக் கோபுரத்தின் படம் போட்ட மிட்டாய் டின் ஒன்றை வாங்கி, தபாலில் அனுப்பிவிட்டாள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "இப்போ திறக்காதீங்க. கிறிஸ்துமஸுக்குத் திறந்து எல்லாரும் சாப்பிடுங்க."

அவளுக்குச் சட்டம் மறந்துபோய்விட்டது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இவள் வாரிப் போட்டது பெற்றவர் தலையில்.

பெரியப்பாவுக்கு மட்டும் சட்டம் தெரியாதா? தெரியும். ஆனால் அவருக்கு அந்த டின் தீனியாகவே தெரியவில்லை. மகள் நின்று பார்த்த இடத்தின் படமாகத்தான் தெரிந்தது. அவருக்குத் தேயிலை பேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை. பேக்டரி, வேலிக்கு வெளியே. கூட வேலை செய்கிறவர்களுக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் படத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரு ஆசை. அன்று காலையில் நல்ல தூறல். படம் நனைந்துவிடுமே என்று டின்னைச் சாக்குத் துணியில் சுற்றிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார். கொழுந்துக் கூடையோடு நான் அவருக்குப் பின்னாலேயே நின்றேன். ஸ்பெஷல் போலீஸ்காரன் கோட்டைத் தடவினான். கை நின்றது.

ஏது என்று மலாயில் கேட்டான். "என் மகள் அனுப்பியது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டில் தபால் முத்திரை குத்திய காகிதம் கிடந்தது. பெரியப்பா வாயெடுத்தார், நிறுத்தினார். "ரோட்டோரம் கிடந்தது, எடுத்தேன்" என்றார் மலாயில். அதைவிட மோசமான பதில் உலகத்திலேயே கிடையாது. காட்டுக்காரர்களுக்குச் சாமான் வைக்கிற இடமே ரோட்டோரம்தான்.

லாரியில் ஏற்றும்போது பெரியம்மாவைப் பார்த்துத் தமிழில் கத்தினார்.

"தங்கம்மா, அந்தக் காயிதத்த அடுப்புல போட்டுரு! புள்ள பேரு இதுல வரக் கூடாது. காட்டுக்காரனுக்கு டின் அனுப்புனவன்னு எழுதிட்டானுங்கன்னா அவ படிப்பு போச்சுலா!"

பெரியம்மா போட்டுவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். எங்கள் லயம் அன்றைக்குத் தானாகவே மூடிக்கொண்டது. பெரியப்பாவுக்கு ஒரு வருஷம் சிறை போட்டு மலைக்குக் கீழே கொண்டுபோனார்கள். அவருக்குக் கையில் அடி, பேனா பிடிக்க முடியவில்லை என்று சொல்லித் தங்கராஜு கங்காணியே மேவிஸ் அக்காவுக்குக் கடிதம் எழுதினார். எல்லாரும் நலம் என்று முடித்தார்.

அக்கா நம்பிவிட்டாள். டின் வந்து சேர்ந்ததா என்று கேட்டாள். சேர்ந்தது, ருசியாக இருந்தது என்று பதில் போனது.

புது வருஷம் பிறந்து அடுத்த தொகுதி மாணவர்கள் மலாயாவிலிருந்து போய் இறங்கினார்கள். அதில் ஒருவன் பக்கத்துத் தோட்டத்துக் கிரகரி. புதுசாக வந்தவர்களை அக்கா ஆற்றைக் கடக்கும் படகில் ஊர் காட்டக் கூட்டிப்போனாள். படகில் ஒரு மிட்டாய் டின்னைத் திறந்து எல்லாரிடமும் நீட்டினாள். அதே கோபுரம் போட்ட டின். கிரகரி அதைப் பார்த்தான். கையை நீட்டவில்லை.

"எடுத்துக்கோ தம்பி. இங்க யாரும் ஓட்ட போட மாட்டாங்க" என்று அக்கா கேலி செய்தாள்.

"எனக்கு வேணாம்க்கா."

"ஏன்லா, பல்லு வலியா?"

அவனால் அடக்க முடியவில்லை. "சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிருக்கு. ஆனா நீங்க இப்படிச் சிரிக்கிறதப் பாக்க முடியலக்கா. உங்கப்பா உள்ள இருக்காரு. இந்த டின்னாலதான்."

மிச்சத்தையும் சொல்லி முடித்தான். படகு கரை சேர்ந்ததும் மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். அக்கா இறங்கவில்லை. அதே படகில் திரும்பிப் போனாள்.

இங்கேதான் அவள் செய்த காரியம் இருக்கிறது. விடுதித் தலைவியான வெள்ளைக்கார அம்மாவிடம் போய், டின்னை அனுப்பியது நான்தான் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அப்பாவுக்கு விடுதலை கிடைக்கலாம். தன் படிப்பு போகலாம். படிப்பு போனால் அப்பா சிறையில் கிடந்ததற்கே அர்த்தம் இல்லை என்றும் தோன்றியது. இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று பார்த்தாள். கடைசியில், பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பரீட்சை கோடையில்.

அதுவரை எல்லாரையும் போலவே இருந்திருக்கிறாள். வகுப்புக்குப் போனாள், சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். செஸ்டர் என்ற ஊருக்குக் கூட்டிப்போனார்கள். பழைய கோட்டை மதில்மேல் நடந்தாள், போட்டோவுக்குச் சிரித்தாள். "சிரின்னு சொன்னாங்க, சிரிச்சேன். அப்பா கம்பிக்குப் பின்னால இருக்காரு, நான் கோட்ட மேல நின்னு பல்ல காட்டுறேன். எனக்கே என்னைப் பிடிக்கலடி" என்று ஊருக்குத் திரும்பிய பிறகு என்னிடம் சொன்னாள். தட்டில் எது விழுந்தாலும் அப்பா இப்போது என்ன சாப்பிடுகிறாரோ என்ற நினைப்பு. சாப்பிடாமல் எழுந்தால் காரணம் கேட்பார்கள் என்று பயந்து, சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாளாம்.

பரீட்சை முடிந்த அன்று சாயங்காலமே விடுதித் தலைவியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். உதவிப்பணத்தை நிறுத்தினாலும் சரி, ஊருக்கு அனுப்பினாலும் சரி என்று அழுதாள். அந்த அம்மா எழுந்து வந்து இவள் தோளைப் பிடித்தாள்.

"ஒரு மகள் அப்பாவுக்கு மிட்டாய் அனுப்பினால் யார் படிப்பை நிறுத்தப் போகிறார்கள்? தெரிந்த அன்றே என்னிடம் வந்திருந்தால் அன்றே எழுதியிருப்பேனே, பெண்ணே" என்றாள்.

நிஜமாகவே அன்றிரவே கோலாலம்பூருக்கு எழுதினாள். அக்காவின் படிப்புக்கு ஒரு கீறலும் விழவில்லை. அதிகாரிகள் வந்து லயத்தில் விசாரித்தார்கள். இப்போது எல்லாருக்கும் வாய் வந்தது. வருஷம் முடியும் முன்னமே பெரியப்பாவை விட்டுவிட்டார்கள்.

ஆள் பாதியாகத் திரும்பினார். இருமல் ஒட்டிக்கொண்டது. பேக்டரி மாடியில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். துரை பெரிய மனசு பண்ணி, புல்வெட்டு வேலையில் போட்டார்.

அடுத்த வருஷம் மேவிஸ் அக்கா டீச்சராக வந்து இறங்கினாள். முதல் நாள் முழுக்க ஊரே வாசலில் நின்றதால் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ள முடியவில்லை. அன்றைக்கு என் பக்கத்தில் படுத்துக்கொண்டுதான் படகு, செஸ்டர், விடுதித் தலைவி சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் சொன்னாள். "நாளைக்கு அப்பா கால்ல விழுந்து சொல்லிடப் போறேன்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் பெரியம்மா மீன்குழம்பு வைத்திருந்தாள். நாங்கள் உட்கார்ந்தோம். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்னே பெரியப்பாதான் கேட்டார்.

"ஏம்மா, கிரகரி சொல்லித்தான உனக்குத் தெரிஞ்சிச்சு?"

"ஆமாப்பா."

"ஆனா பரீட்ச முடிச்சிட்டுத்தான் பெரியவங்க கிட்ட சொன்னியாம்? கங்காணி சொன்னாரு."

அக்கா தலையைக் குனிந்தாள். "ஆமாப்பா. நான்..."

"அதான் என் மக!" என்றார் பெரியப்பா. இருமல் வந்தது. விழுங்கிக்கொண்டு சிரித்தார். "உள்ள இருக்கறப்ப எனக்கு அந்த ஒரே பயந்தான். யாராச்சும் உளறிடுவானுங்க, நீ அழுதுகிட்டு அவசரப்பட்டுச் சொல்லிருவ, படிப்பு போயிரும்னு. ஒவ்வொரு நாளும் மாதாகிட்ட, எம்புள்ள வாயத் தொறக்காம பாத்துக்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். கேட்ட மாதிரியே நடந்துச்சு பாரு. முன்னாடியே சொல்லிருந்தா நான் உள்ள கெடந்ததெல்லாம் வீணாப் போயிருக்கும்லா."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

"என்னம்மா, நான் சொல்றது சரிதான?"

"சரிதாம்ப்பா" என்றாள் அக்கா.

பெரியப்பா தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து அவள் சோற்றின் மேல் வைத்து, "சாப்புடு" என்றார்.