மூன்று கோடு போட்ட குச்சி

லிண்ட்சே ஊரில் தன் பிக்கப் டிரக்கை அழகுக்காகத் தரையோடு தாழ்த்தி ஓட்டாத இளவட்டம் கிடையாது. ஆனால் அறுபத்துநாலு வயது எவரிஸ்தோ, கையில் ஒரு குச்சியோடு நாச்சோவின் பட்டறைக்குள் நுழைந்ததும் அங்கிருந்த பயல்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"டொன் எவரிஸ்தோ! இந்த வயசுல மைனரா? எவ கண்ணுல படணும்?" என்று, பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடே கேலி செய்தான் நாச்சோ.

"என் பொண்டாட்டி கண்ணுலதான்டா. வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

முப்பது வருஷம் ஆரஞ்சுத் தோப்பில் ஏணி ஏறியவன். யாரிடமும் எதற்கும் கைநீட்டாதவன். அவன் மனைவி ஒப்துலியாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பாழாய்ப்போன சர்க்கரை காலையும் தின்றுகொண்டிருந்தது. அங்கே போக டிரக்கில் ஏற முக்காலி போட்டான், சறுக்கி விழுந்தாள். தூக்கி உட்காரவைத்தான், அழுதாள்.

"தெருவே பாக்குது கிழவா. மூட்டையாட்டம் தூக்காத. நானா ஏற முடியுற வரைக்கும் வரேன். முடியலேன்னா விட்டுடு."

சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு. டயாலிசிஸை விட்டால் பத்து நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளைச் சுவரோரம் நிறுத்தி, பாதம் எவ்வளவு எழும்புகிறது என்று குச்சியில் கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தான் எவரிஸ்தோ.

முன்னால் இரண்டு அங்குலம், பின்னால் நாலு அங்குலம் இறக்கினால் போதும் என்றான் நாச்சோ. சாமான் வர இரண்டு வாரம். அதுவரை அவள் கதவைப் பிடித்துத் தொங்கி எப்படியோ ஏறினாள். சாமான் வந்த அன்று அளந்தால், பாதம் இரண்டு விரல் கீழே! இரண்டாம் கோடு. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முன்னால் நாலு, பின்னால் ஆறு கேட்டான். அதற்கு அடிச்சட்டத்தையே வெட்ட வேண்டும்.

"வெட்டு" என்றான்.

வேலை நடக்கும்போதே மூன்றாம் கோடு விழுந்தது. பயல்கள் பளபளவென்று இருபது அங்குலச் சக்கரத்தைக் காட்டினார்கள். வண்டி இன்னும் தாழட்டும் என்று அவன் இருப்பதிலேயே குட்டிச் சக்கரத்தைத் தொட்டான். குச்சியைக் கையில் வாங்கிப் பார்த்த நாச்சோ இப்போது சிரிக்கவில்லை.

"டொன், இதுக்குக் கீழ தரைதான்."

செவ்வாய்க்கிழமை காலை டிரக் வீட்டு வாசலுக்கு வந்தது. எதிர்வீட்டு ரமீரோ ஓடிவந்து விசிலடித்தான்.

"அடேயப்பா! ராஜா வண்டி!"

டிரக்கின் படியோரம் குச்சியை வைத்துப் பார்த்தான் எவரிஸ்தோ. படி மூன்றாம் கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "கிழவி, வாடி!"

ஒப்துலியா அவன் தோளைப் பிடித்து வந்தாள். கதவைப் பற்றினாள். உதட்டைக் கடித்தாள். செருப்பு மண்ணைத் தேய்த்ததே தவிர எழும்பவில்லை. இன்னொரு தரம் முயன்றாள். ம்ஹூம்.

"அடுத்த கோட்டைத் தரையிலயே போட்டுடு, கிழவா."

"யாரும் பாக்கலடி. ஒரே ஒரு தரம் தூக்குறேன்."

அவள் ரமீரோவைப் பார்த்தாள். "வேணாம். உள்ள கூட்டிட்டுப் போ."

படுக்கவைத்துவிட்டு அவன் திரும்பி வந்தபோது ரமீரோ சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

"முதல் சவாரி எங்க, டொன்?"

"எங்கயும் இல்ல" என்றான் எவரிஸ்தோ.