ராணி பிழைத்த கதை

நாங்கள் ஊர் ஊராக ஆடிய ஓர் இசை நாடகத்தில் ராணி வேஷம் என்னுடையது. ராஜா சந்தேகப்பட்டு விரட்டியதும் ராணி ஆற்றில் விழுந்து சாவாள். வள்ளியூரில் ஆடிய மறுநாள் காலை ஓர் அம்மாள் கொட்டகைக்கு வந்து, நாடகம் எழுதிய வாத்தியாரிடம் அழுதாள்.

"எம் மவளும் இப்படித்தான் போனா. இவளையாவது பொழைக்க வைங்க, அண்ணாச்சி."

வாத்தியார் அன்றே முடிவை மாற்றினார். ஓடக்காரன் ராணியைக் காப்பாற்றினான். எனக்குப் பேர் வாங்கித் தந்த சாவுப் பாட்டு போயிற்று. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

சாத்தான்குளத்தில் புதுக் கதையை ஆடினோம். அந்த அம்மாள் அங்கேயும் வந்திருந்தாள். நான் ஓடத்திலிருந்து கரையில் கால் வைத்தபோது எழுந்து நின்று, "பைய எறங்கு, தாயீ" என்றாள். எனக்கு வசனமே மறந்துவிட்டது.

வேஷம் கட்டிய காலத்தை நினைத்தால் அந்தக் குரல்தான் முதலில் கேட்கிறது. பிறகு எந்த ஊரிலும் ராணியை நாங்கள் சாகவிடவில்லை.