வீட்டுக்கார அக்கா வந்து நின்ற இன்டர்வியூ

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் லைனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சில வருடங்களுக்கு மட்டும் செல்லும் வேலை அனுமதியில் ஜப்பானில் ஒரு ஆலைக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்ததும் விண்ணப்பித்தேன். அவர்கள் மொழியில் கொஞ்சமாவது பேச வேண்டும். வகுப்பில் படித்ததை ஷேர் ஆட்டோவில் முணுமுணுத்துக்கொண்டே போவேன். பக்கத்தில் இருப்பவர்கள் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து நகர்ந்து உட்காருவார்கள்.

பென்னலூரில் நானும் கூட வேலை பார்த்த பெண்களும் வாடகைக்கு இருந்த அறையில் சிக்னல் கிடைக்காது. அதனால் போனில் நடந்த இன்டர்வியூவுக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். திரையில் ஒரு ஜப்பான் அம்மா கேள்வி கேட்டார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது துணி எடுக்க வீட்டுக்கார அக்கா மேலே வந்தார்.

"இன்னாமா, வெயில்ல குந்திகினு யார்கிட்ட பேசிகினு கீற?"

திரையில் அக்காவின் முகமும் தெரிந்துவிட்டது. யார் இவர் என்று ஜப்பான் அம்மா கேட்டார். வீட்டுச் சொந்தக்காரி என்பதற்கு எனக்குச் சொல் தெரியாது. அவர்கள் மொழியில் அக்கா என்று சொல்லிவிட்டேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: "உங்கள் தங்கை எப்படி வேலை செய்வாள்?"

"அக்கா, நான் எப்படி வேல பாப்பேன்னு உங்ககிட்ட கேக்காவ."

அக்கா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "மாடிப்படிய ஒருநாளும் பெருக்க மாட்டா. ஆனா ஷிஃப்ட் முடிஞ்சு வந்த களைப்புல என் மிக்ஸிய பிரிச்சு ஓட வச்சா. நல்ல பொண்ணு, இட்டுகினு போங்க."

பெருக்க மாட்டேன் என்பதையும் மிக்ஸியையும் தெரிந்த ஜப்பானிய மொழியில் சொன்னேன். என்னையே நல்ல பெண் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நிறுத்திவிட்டேன். அக்கா விடவில்லை.

"நல்ல பொண்ணுன்னு சொன்னியா?"

சொன்னேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

தேர்வாகிவிட்டேன் என்ற செய்தி கேன்டீனில் சாப்பிடும்போது வந்தது. லைனே கைதட்டியது. அதை என்னைவிட வேகமாகத் தெரு முழுக்கச் சொன்னது அக்காதான்.

இங்கே ஜப்பானுக்கு வந்த முதல் வாரம் குளிர் எலும்பைக் குடைந்தது. வயர் மட்டும் அங்கே போலவே இருந்தது. கை தானாக ஓடியது. என் அறையில் இருப்பவள் ஒரு வியட்நாம் பெண். என் அம்மா கட்டிக்கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயை ருசி பார்த்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வர, மறுபடியும் தட்டை நீட்டினாள்.