விசிறிகள் நின்ற மதியம்

நாமக்கல்லுக்கு மேற்கே எங்களுக்கு ஒரு கோழிப்பண்ணை. எல்லாம் முட்டைக் கோழிகள். கொட்டகைக் கூரையில் சோலார் தகடு போட்ட வருசம் நானும் வீட்டுக்காரரும் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தோம். வெயிலை வைத்தே வெயிலைச் சமாளித்துவிடலாம் என்ற நினைப்பு. பழைய டீசல் ஜெனரேட்டரைக்கூட விற்றுத் தள்ளிவிட்டோம்.

அந்தச் சித்திரையில் ஒரு மதியம் தென்னை ஓலை அசையவில்லை. நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது கொட்டகை விசிறிகளின் இரைச்சல் சட்டென்று நின்றது. கரண்ட் போயிருந்தது. சோலார் இருக்கிறதே என்று நான் பதறவில்லை. ஆனால் இரைச்சல் திரும்பவே இல்லை.

தீவனம் போடும் அக்கா ஓடி வந்தார். "அம்மணி, கோழியெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குதுங்க!"

வீட்டுக்காரர் தகடு மாட்டியவருக்குப் போன் போட்டார். "வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது, ஏனுங்க ஓட மாட்டேங்குது?"

"லைன்ல கரண்ட் இல்லீன்னா சோலாரும் தானா நின்னுக்குமுங்க. இல்லீன்னா கம்பத்துல வேலை செய்யறவங்களுக்கு ஷாக் அடிச்சுரும். பேட்டரி வெச்சாத்தான் தனியா ஓடும். அன்னைக்கே சொன்னேனுங்களே."

சொல்லியிருந்தார். எங்களுக்குத்தான் காதில் ஏறவில்லை.

தொட்டியில் இருந்த தண்ணீரை மொண்டு மொண்டு கூண்டுகள் மேல் தெளித்தோம். சாக்குகளை நனைத்துப் பக்கவாட்டில் கட்டினோம். கட்டிய வேகத்தில் காய்ந்தன. கோழிகள் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. றெக்கையை விரித்தபடி ஒன்று சாயும், சத்தமே இல்லாமல் அதன் மேல் இன்னொன்று. பொழுது இறங்கும்போதுதான் கரண்ட் வந்தது. செத்ததை அள்ளிக் குழியில் போட மறுநாள் மதியம்வரை ஆயிற்று.

அதற்கப்புறம் பேட்டரி வைத்தோம். சூடு இறங்கட்டும் என்று தகடு போக மீதிக் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். இரண்டும் நல்ல பலன் தந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த வருசம் மாசியிலேயே வெயில் ஏறிவிட்டது. போன வாரம் உச்சி வேளையில் கரண்ட் போனது. விசிறிகள் நிற்கவில்லை. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்காரர் மட்டும் ஒரு விசிறிக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டியபடி வெகுநேரம் நின்றார். நானும் போய் நீட்டிப் பார்த்தேன். காற்று வந்தது. அடுப்பு வாய்க்கு எதிரே நிற்பதுபோல இருந்தது.

"விசிறி ஓடியும் அனல்தான் வருது. அடுத்த பேட்ச்சுக்குப் பாதிக் குஞ்சு மட்டும் சொல்லு" என்றார்.

நான் போனை எடுத்துக் குஞ்சு தருகிறவரைக் கூப்பிட்டேன்.