முழந்தாளிட்டுச் சுடுபவர்

மன்னாரில் துவக்குச் சுடும் போட்டிக்குப் பயிற்சி எடுத்த நாட்களில் நான் சுடும் பாய்க்குப் பக்கத்துப் பாயில் ஒருவர் இருந்தார். மெலிந்தவர், அதிகம் இமைக்காத கண்கள். முழந்தாளிட்டுச் சுடுவதில் அவரை எங்களில் ஒருவராலும் வெல்ல முடியவில்லை. வலக் கணுக்காலின் கீழ் மணல் நிரப்பிய சிறு உருளையை வைத்து, குதிகாலில் உட்கார்ந்து, இடது முழங்காலில் கையை ஊன்றிவிட்டாரென்றால் கடற்காற்றில் அவருடைய சட்டை மட்டும்தான் அசையும்.

சுடுவதற்கு முன் குண்டு போடாத துவக்கை இலக்குக்கு நேரே பிடித்தபடி கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் எல்லோரும் செய்வதுதான். திறக்கும்போது குழல் இலக்குக்கு நேரே நின்றால் உட்கார்ந்த விதம் சரி. விலகியிருந்தால் கையால் இழுக்காமல் உடம்பையே திருப்பி உட்கார வேண்டும். அவருடைய துவக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் இடப்பக்கம் விலகி, வெறும் உப்பு வெளியைப் பார்த்தபடி நிற்கும்.

"அங்க என்ன அண்ணை இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியேல்லை தங்கச்சி. முந்தித் தூரத்தில நிண்டது. இப்ப நாளுக்கு நாள் குழல் கீழ பதியுது. கிட்ட வருகுது போல."

சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்து, இலக்கின் நடுவிலேயே சுட்டார்.

போட்டியன்று காலை அவர் கண்ணைத் திறந்தபோது குழல் பாயின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. துவக்கை மெல்லக் கீழே வைத்தார்.

"வந்திட்டியே?" என்றார், யாருமில்லாத அந்த விளிம்பைப் பார்த்து, வீட்டு ஆளிடம் கேட்பதுபோல.

பிறகு எழுந்து, ஒரு குண்டும் சுடாமல் வெளியே நடந்தார். அன்று முதலிடம் எனக்குக் கிடைத்தது. எழுந்து போனபோது அவருடைய முகத்தில் பயம் துளியும் இருக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.